ஏழு பிரதிகளில் ஒரு சுயாதீன ஆய்வு

கலை தூரிகையில் தொடங்குகிறது என்று மனிதகுலம் அப்பாவித்தனமாக நம்பிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தை முடித்துவைத்த பெருமை எங்கள் கலைக் கல்லூரியின் சுயாதீன ஆய்வுப் பிரிவையே சேரும். அதன் ஒருங்கிணைப்பாளர் நான். 'நிறுவனர்' என்றும் சொல்வார்கள். தன்னடக்கம் காரணமாக அந்தச் சொல்லை என் அறைக் கதவில் மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

சுயாதீன ஆய்வு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் இருக்கலாம். இறுதியாண்டு மாணவர் ஒருவர் தனக்குப் பிடித்த பொருளை, தனக்குப் பிடித்த முறையில், தன் இஷ்டத்துக்கு ஆராய்ந்து படைப்பார். ஓர் ஆசிரியர் மேற்பார்வை செய்வார். அவ்வளவுதான். அந்த இஷ்டம் வழிதவறிப் போகாமலிருக்க ஒரு படிவம் உண்டு. இருபத்திரண்டு கேள்விகள், ஏழு பிரதிகள், ஏழு பேர் கொண்ட குழு. இந்த ஏற்பாடு வருவதற்கு முன் மாணவர்கள் பாட்டுக்கு வரைந்துகொண்டிருந்தார்கள். யாரும் எதையும் திட்டமிடவில்லை. நினைத்தாலே எனக்குக் குலை நடுங்குகிறது.

நானும் ஒரு காலத்தில் வரைந்தவன்தான். பதினோரு ஆண்டுகளாக அந்தப் பழக்கம் இல்லை. மாணவர்கள் என்னை 'படிவம் சார்' என்று அழைக்கிறார்கள். கேலி என்று என் மனைவி சொல்கிறாள். பட்டம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

என் உழைப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு எங்கள் தெருமுனையில் பேருந்து ஏறினால் நாற்பது நிமிடத்தில் கல்லூரி வாசல். ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கை என்னுடையது. உட்கார்ந்ததும் மடியில் கோப்பைப் பிரித்துவிடுவேன். தலை நிமிர மாட்டேன். வழியில் ஏழு வேகத்தடைகளும் ஒரு ரயில்வே கேட்டும் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஏழு ஆண்டுகளில் ஒரு நாள்கூட என் கையெழுத்து கோணியதில்லை. மன உறுதி இருந்தால் ஓடும் வண்டியிலும் நேர்கோடு வரும் என்று முதலாண்டு மாணவர்களுக்கு என்னையே உதாரணம் காட்டுவேன்.

இந்த நிலையில்தான் அந்த மாணவி படிவத்தோடு என் அறைக்கு வந்தாள்.

"பொருள் என்ன?" என்றேன்.

"எங்க அப்பா சார். பஸ் டிரைவர். டிரைவர் தலைக்கு மேல ஒரு பெரிய கண்ணாடி இருக்கும்ல சார், பின்னாடி இருக்கிறவங்களைப் பார்க்க? அதுல அப்பா முகமும் பயணிகள் முகமும் ஒண்ணாத் தெரியும். காலைல அவர் வண்டியிலதான் காலேஜுக்கு வர்றேன். தினமும் அதை ஒரு படமா வரையணும்."

"சரி. அவசரம் ஒண்ணும் இல்லையே?"

"இருக்கு சார். அடுத்த மாசம் கடைசி நாளோட அப்பா ரிடையர் ஆகிறார். அன்னிக்கு கடைசி டிரிப்ல வண்டிக்குள்ளயே எல்லாப் படத்தையும் மாட்டணும். முப்பத்திரண்டு வருஷமா அந்தக் கண்ணாடியில அவர் எல்லாரையும் பார்த்துக்கிட்டு வர்றார். அவரை யாரும் பார்த்ததில்ல. ஒரு நாளாவது பார்க்கட்டும்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"டிப்போவுல காலேஜ் லெட்டர் கேக்குறாங்க சார். லெட்டர் இல்லாம வண்டியில வரைஞ்சா செக்கர் இறக்கி விட்டுருவாராம். நீங்களும் தினமும்..."

"எதுவா இருந்தாலும் எழுத்துல குடும்மா" என்றேன். வாய்மொழியாக வரும் தகவலை நான் கேட்பதில்லை. அது என் கொள்கை.

எழுத்தில் கொடுத்தாள். ஏழு பிரதிகள். நான்கு நாள் ஆழ்ந்து பரிசீலித்த பிறகு திருப்பி அனுப்பினேன். காரணம், கேள்வி பன்னிரண்டுக்கு நீல மையில் பதில் எழுதியிருந்தாள். கறுப்பு மை என்று படிவத்தின் அடியில் தெளிவாக இருக்கிறது. 'பின்பக்கத்தைக் காலியாக விடவும்' என்றும் அதே இடத்தில் இருக்கிறது. திருப்பி அனுப்பப்பட்ட படிவங்களைப் புதிய விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மூன்று விதிகளும் நான் வகுத்தவை. எல்லாமே கலையின் நன்மைக்காக.

இரண்டாம் முறை கறுப்பு மையில் வந்தது. கேள்வி ஒன்பதில் பிரச்சினை. 'முடிவுற்ற படைப்பின் புகைப்படத்தை இங்கே ஒட்டவும்' என்ற இடத்தில் ஒன்றும் ஒட்டவில்லை.

"இன்னும் வரையவே இல்லையே சார்" என்றாள்.

"அதனாலதான் கேக்குறோம். என்ன வரையப் போறேன்னு தெரியாம குழு எப்படி அனுமதி கொடுக்கும்?"

"அப்போ வரைஞ்சு போட்டோ எடுத்து ஒட்டட்டுமா சார்?"

"அனுமதி வாங்குறதுக்கு முன்னாடி வரைஞ்சா ஒழுங்கு நடவடிக்கை. கேள்வி பதினெட்டைப் பாரு."

அவள் கேள்வி ஒன்பதையும் கேள்வி பதினெட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டு கேள்விகளும் ஒன்றையொன்று எவ்வளவு அழகாகக் காவல் காக்கின்றன என்று வியந்திருக்க வேண்டும்.

"வேறொருத்தர் படத்தோட போட்டோவை ஒட்டும்மா" என்று நானே வழி சொன்னேன். மேற்பார்வை என்பது அதற்குத்தானே.

மூன்றாம் முறை விண்ணப்பம் குழுவின் முன் போனது. மாணவியையும் அழைத்திருந்தோம். நீள மேசையின் முனையில் முதல்வர். அவர் அப்போதுதான் ஒரு சர்வதேசக் கருத்தரங்கிலிருந்து திரும்பியிருந்தார். ஒரு சணல் பையும் மூன்று புதிய சொற்களும் கொண்டுவந்திருந்தார்.

"களம்: பேருந்துன்னு போட்டிருக்கே. அது எங்கே இருக்கு?" என்று கேட்டார் முதல்வர்.

"ஓடிக்கிட்டு இருக்கும் சார்."

சிற்பத் துறைத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கனமான பொருள்களோடு வாழ்க்கை நடத்தியவர். "ஓடுறது எப்படிம்மா களம் ஆகும்? களம்னா ஒரு இடத்துல நிக்கணும்."

"ஸ்டாப்புல நிக்கும் சார்."

"எவ்வளவு நேரம்?"

"அரை நிமிஷம்."

"அப்போ அந்த அரை நிமிஷத்துல மட்டும் வரையலாம்னு நிபந்தனை போட்டுக் கொடுக்கலாமே" என்றார் சிற்பம்.

ஒன்றே முக்கால் மணி நேரம் விவாதித்தோம். எந்தப் பேருந்து என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை, கேள்வி எட்டில் எழுதியிருந்தது. கேள்வி எட்டை வாசிப்பது களத் துணைக்குழுவின் வேலை. களத் துணைக்குழுவில் சிற்பமும் நானும் இருந்தோம். சிற்பம் வாசித்திருப்பார் என்று நான் நம்பினேன். என்னைப் பற்றி அவருக்கும் அதே நம்பிக்கை இருந்தது. நிறுவனங்கள் நிற்பதே இப்படிப்பட்ட பரஸ்பர மரியாதையில்தான்.

கடைசியில் அளவு குறித்த கள வரைபடம் கேட்டோம். மறுநாளே கொண்டுவந்தாள். பேருந்து போகும் பாதை, ஒவ்வொரு நிறுத்தம், ஏழு வேகத்தடைகள், ரயில்வே கேட் எல்லாம் இருந்தன. கல்லூரி வாசலும் இருந்தது. சிற்பம் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு வடக்கு எந்தப் பக்கம் என்று குறிக்கவில்லை என்றார். திருப்பி அனுப்பினோம்.

நான்காம் முறை தலைப்பு. 'கண்ணாடியில் அப்பா' என்று வைத்திருந்தாள். முதல்வர் முகம் சுளித்தார்.

"இது என்னம்மா, வீட்டுப் பேச்சு மாதிரி இருக்கு. உலகம் எங்கேயோ போயிட்டிருக்கு. எல்லாரும் இப்போ 'வெளி' பத்தித்தான் பேசுறாங்க."

அவர் கொண்டுவந்த மூன்று சொற்களையும் இறக்குவதற்கு இடம் கிடைத்துவிட்டது. 'நகர்வுசார் வெளியில் பிரதிபலிப்புத் தந்தைமை: ஒரு முன்னோட்ட அணுகுமுறை' என்று திருத்தினோம். மாணவி அதை இரண்டு முறை வாசித்தாள்.

"இதுல எங்க அப்பா எங்க இருக்கார் சார்?" என்று கேட்டாள்.

"தந்தைமைல இருக்கார்" என்றார் முதல்வர்.

தலைப்பு மாறியதால் மற்ற இருபத்தோரு பதில்களும் தலைப்போடு பொருந்தவில்லை. அது ஐந்தாவது முறை.

ஆறாவது தடைதான் உண்மையில் கடினமானது. சுயாதீன ஆய்வில் மேற்பார்வையாளர் குறைந்தது இருபது மணி நேரம் களத்தில் மாணவரோடு இருக்க வேண்டும். யார் போவது? சிற்பத்துக்கு முதுகு வலி. முதல்வருக்குக் கார். மற்ற நால்வரும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். எல்லாருடைய பார்வையும் என்மேல் விழுந்தபோது நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"கல்லூரிக்கு வரவே நான் தினமும் நாற்பது நிமிஷம் பஸ்ஸுல செலவழிக்கிறேன். அதுக்கு மேலயும் பஸ்ஸுல உட்கார எனக்கு ஏது நேரம்?"

வாசலில் நின்றிருந்த மாணவி, "சார், அதைத்தான் சார் நான் சொல்ல..." என்று ஆரம்பித்தாள்.

"எழுத்துலம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்ல முயலவில்லை. தடைகள் தீர்ந்தனவோ என்று நான் மகிழ்ந்தேன். மேற்பார்வையாளர் பிரச்சினையை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தோம். அடுத்த கூட்டம் அந்த மாதக் கடைசி நாள், பிற்பகல் மூன்று மணி.

அந்த நாள் காலையில் பேருந்தில் ஒரே சத்தம். யாரோ கை தட்டினார்கள், யாரோ ஓட்டுநரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், ஒரு பெண்மணி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கினாள். என்ன கொண்டாட்டமோ தெரியவில்லை. என் மடியில் அந்த மாணவியின் கோப்பு. அனுமதிக்கான பரிந்துரைக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன்.

"கொஞ்சம் அமைதியா இருக்கீங்களா?" என்று தலை நிமிராமலே சொன்னேன்.

"சார் எழுதுறாங்க. சத்தம் போடாதீங்கப்பா" என்றது முன்னாலிருந்து ஒரு குரல். ஓட்டுநராக இருக்க வேண்டும். அந்த வண்டியிலேயே பொறுப்பான ஆள் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு மாணவி என் அறை வாசலில் நின்றாள்.

"சார், ரெண்டு மணிக்கு கடைசி டிரிப். படம் மாட்டணும்னா டிப்போவுல லெட்டர் காட்டணும். ஒரு கையெழுத்து போதும் சார்."

"கூட்டம் மூணு மணிக்குத்தானேம்மா."

"ஒரு மணிக்கு வைக்க முடியாதா சார்?"

"அதுக்கு ஏழு நாள் முன்னாடி அறிவிப்பு கொடுக்கணும். நாளைக்கு லெட்டர் வாங்கிக்கோ."

"நாளைக்கு அப்பா வீட்டுல இருப்பார் சார்."

அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மூன்று மணிக்குக் கூடினோம். ஏகமனதாக அனுமதி கொடுத்தோம். முதல்வர் எழுந்து நின்று பாராட்டினார். எங்கள் பிரிவின் வரலாற்றிலேயே இது அப்பழுக்கில்லாத திட்டம், எல்லாக் கல்லூரிகளுக்கும் மாதிரியாக அனுப்பலாம், முன்னுரை நான் எழுத வேண்டும் என்றார். திட்டத்தில் இனி ஓட்டுநர் இல்லை என்பதைச் சிற்பம் நினைவுபடுத்தினார். அது செயலாக்கம் சார்ந்த விஷயம், திட்டமிடலில் குறையில்லை என்று குழு பதிவு செய்தது.

மறுநாள் காலை நான் வழக்கம்போல் முதல் இருக்கையில் உட்கார்ந்து முன்னுரை எழுதத் தொடங்கினேன். 'சுதந்திரம் என்பது' என்று எழுதி முடிப்பதற்குள் வண்டி ஒரு குதி குதித்தது. பேனா தாளைக் கிழித்துக்கொண்டு போனது. அடுத்து ஒரு பிரேக். கோப்பு என் மடியிலிருந்து பறந்து, நாடா அவிழ்ந்து, படிவங்கள் எல்லாம் தரையில் சிதறின. ஏழு ஆண்டுகளில் முதன்முறையாக எனக்கு அந்த வழியில் வேகத்தடை இருப்பது தெரிந்தது.

"சாரி சார்" என்றார் ஓட்டுநர். இளம் வயதுக்காரர்.

கண்டக்டர் ஓடிவந்து தாள்களைப் பொறுக்கினார். "புது ஆளு சார், பழகணும். அண்ணன் இருந்த வரைக்கும் உங்களுக்கு இந்தக் கஷ்டமே இல்ல. நீங்க ஏறினதுமே கண்ணாடியில ஒரு பார்வை பார்ப்பாரு. நீங்க பேனாவை எடுத்துட்டா அவ்வளவுதான், ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கர்லயும் வண்டியை எறும்பு ஊர்ற மாதிரி ஏத்தி இறக்குவாரு. 'வாத்தியாரு எழுதுறாருடா, கை ஆடிரும்'பாரு. டைம் ஆகுதுன்னு நான்கூட சண்டை போட்டிருக்கேன்."

கண்டக்டர் நீட்டிய தாள் தலைகீழாக இருந்தது. அதாவது, காலியாக விடப்பட வேண்டிய பின்பக்கம் மேலே இருந்தது. அதில் ஒரு படம்.

கறுப்பு மை. நான் வற்புறுத்திய அதே கறுப்பு மை. அகலமான கண்ணாடி, அதில் நரைத்த புருவமும் களைத்த இரண்டு கண்களும். அவற்றுக்குப் பின்னால் கண்ணாடிக்குள் சிறிதாகப் பயணிகள். அடுத்த தாளைத் திருப்பினேன். அதிலும் ஒன்று. ஆறு முறை கொடுத்த ஏழு பிரதிகள், நாற்பத்திரண்டு தாள்கள். அவற்றில் முப்பத்தாறு தாள்களின் பின்பக்கத்தில் முப்பத்தாறு காலைகள் இருந்தன. ஒரு நாள் மழை, ஒரு நாள் தூங்கி வழியும் குழந்தை, ஒரு நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் இரண்டு நர்ஸுகள். நானும் ஒரு காலத்தில் வரைந்தவன். நல்ல கோடு எது என்று எனக்குத் தெரியும். இவை நல்ல கோடுகள்.

எல்லாப் படங்களிலும் முகங்கள் மாறிக்கொண்டே இருந்தன. மாறாதவர்கள் இருவர். ஒருவர் ஓட்டுநர். இன்னொருவர் அவருக்குப் பின்னால், முதல் இருக்கையில், மூக்கு நுனிக்குச் சரிந்த கண்ணாடியோடு மடியில் கோப்பை வைத்துக் குனிந்திருக்கிறார். முப்பத்தாறு படங்களிலும் ஓட்டுநர் அவரைக் கவனித்துக்கொண்டிருக்கிறார். முப்பத்தாறு படங்களிலும் அந்த ஆள் நிமிரவே இல்லை. எனக்கு அந்த வழுக்கையை நன்றாகத் தெரியும்.

வெட்கமாக இருந்தது. இந்தத் தகவலைப் பதிவு செய்ய எங்கள் படிவத்தில் இடம் இல்லை.

கல்லூரிக்குப் போனதும் மாணவியைக் கூப்பிட்டேன்.

"லெட்டர் இல்லாம எப்படிம்மா வரைஞ்சே? செக்கர் கேக்கலையா?"

"ரெண்டு தடவை பக்கத்துல வந்து பார்த்தார் சார். நோட்டு வச்சிருந்தா இறக்கி விட்டிருப்பார். கையில படிவம் இருந்துச்சு. காலேஜ் படிவம் நிரப்புறேன்னு சொன்னேன். பாவம்னு சொல்லிட்டுப் போயிட்டார்."

"நான் அதே வண்டியிலதான் வர்றேன்னு ஏன் என்கிட்ட சொல்லல?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன் சார். எழுத்துல கேட்டீங்க. எழுத்துலயும் முதல் நாளே கொடுத்தேன்."

"எங்கே?"

"கேள்வி பன்னிரண்டு சார்."

எடுத்துப் பார்த்தேன். 'களத்தில் மாணவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர்கள் எவரேனும் உண்டா?' என்று படிவம் கேட்டிருந்தது. நீல மையில், அழகான கையெழுத்தில் பதில் இருந்தது: 'இருவர். ஓட்டுநர், என் அப்பா. முதல் இருக்கைப் பயணி, எங்கள் சார். எனவே மேற்பார்வைக்குத் தனியாக யாரும் வரத் தேவையில்லை.'

மையின் நிறத்தைப் பார்த்தேனே தவிர, நான் அதை வாசித்திருக்கவில்லை.

"அப்பா பார்த்தாரா?" என்று கேட்டேன்.

"கோப்பு உங்ககிட்ட இருந்துச்சே சார். நேத்து அவர் வண்டியை விட்டு இறங்கும்போது படமெல்லாம் இங்க பீரோவுக்குள்ள இருந்துச்சு." பீரோவைப் பார்த்தபடியே, "மதிப்பெண்ணாவது வருமா சார்?" என்றாள்.

வரவழைப்பது என் கையில் இருந்தது. நிறைவுச் சான்றிதழை எடுத்தேன். எங்கள் பிரிவின் படிவங்களிலேயே சிறியது அது, மூன்றே கேள்விகள். இதற்கு முன் யாரும் அதை நிரப்பும் நிலைக்கு வந்ததில்லை.

'மேற்பார்வையாளர் களத்தில் மாணவரோடு இருந்த நேரம்?' முப்பத்தாறு நாள், நாளுக்கு நாற்பது நிமிடம். இருபத்து நான்கு மணி நேரம் என்று எழுதினேன். தேவைக்கு மேல் நான்கு மணி நேரம்.

'மாணவர் களத்தில் செய்தது என்ன?' வரைந்தார்.

'மேற்பார்வையாளர் களத்தில் கண்டது என்ன?' ஒரு படத்தை எடுத்து, அதில் குனிந்திருந்த வழுக்கையை இன்னொரு முறை பார்த்தேன். பிறகு கறுப்பு மையில், தெளிவாக, 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஏழு பிரதிகள். முப்பத்தாறு படங்களையும் படம் மேலே இருக்கும்படி கட்டி, "இதை முதல்ல அப்பாகிட்ட கொண்டுபோய்க் காட்டு" என்று அவளிடமே கொடுத்தேன். அதற்கு விதியில் இடமில்லை.

சான்றிதழைக் கூட்டத்தில் வைத்தேன். இப்போதாவது யாராவது கேட்பார்கள், திட்டுவார்கள், என்னை வெளியே அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். தாள் மேசையைச் சுற்றி வந்தது. இருபத்து நான்கு மணி நேரம் என்பதைப் பார்த்து முதல்வர் எனக்குக் கை கொடுத்தார். சிற்பம் மையின் நிறத்தைச் சரிபார்த்தார். மாணவிக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. பதினோரு நிமிடத்தில் ஆறு பேரும் என் கையெழுத்துக்குக் கீழே வரிசையாகக் கையெழுத்திட்டார்கள்.

எங்கள் பிரிவின் வரலாற்றுச் சாதனையாக அந்தச் சான்றிதழைச் சட்டம் போட்டு முதல்வர் அறையில் மாட்டியிருக்கிறோம். கல்லூரிக்கு வருபவர்கள் அவசியம் வாசிக்க வேண்டும். மேற்பார்வையாளர் கண்டது: ஒன்றுமில்லை. அதற்குக் கீழே, 'மேலே கூறியது முற்றிலும் உண்மை என உறுதி அளிக்கிறோம்' என்று ஏழு பேராசிரியர்களின் கையெழுத்து.